ஜாடியின் அடியில் ஒட்டிய தகடு

ஜார் கேண்டில் விற்கும் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் வாடிக்கையாளர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்தான். என்ன வாசனை, எத்தனை மணி நேரம் எரியும், கூரியர் செலவு எவ்வளவு. திரியை அடியில் எதைக் கொண்டு ஒட்டினீர்கள் என்று கேட்பவர் அரிது. செய்து விற்பவர்களிலும் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓர் ஆன்லைன் வகுப்பு, இரண்டு கிலோ சோயா வேக்ஸ், ஒரு டஜன் கண்ணாடி ஜாடி, நாலு புட்டி வாசனை எண்ணெய் இருந்தால் சமையலறையிலேயே தொழில் தொடங்கிவிடலாம். கவனமெல்லாம் நிறத்திலும் மணத்திலும் மேலே தூவும் காய்ந்த ரோஜா இதழிலும் போய்விடுகிறது.

ஜாடி மெழுகுவர்த்தித் திரியின் அடிநுனியில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய உலோகத் தகடு இருக்கும். சஸ்டெய்னர், விக் டேப் என்று கடைகளில் சொல்வார்கள். அதன் நடுவில் குட்டையான கழுத்து ஒன்று எழும்பி நிற்கும். திரியை அந்தக் கழுத்துக்குள் நுழைத்து நசுக்கிப் பிடிக்க வைத்திருப்பார்கள். திரியை நிமிர்த்தி நடுவில் நிறுத்துவது தகட்டின் ஒரு வேலை. இன்னொரு வேலையும் உண்டு. மெழுகு தீர்ந்து மட்டம் கழுத்துக்குக் கீழே இறங்கியதும், நசுங்கிய இடத்தைத் தாண்டி உருகிய மெழுகு மேலே ஏற முடியாது. எரிய ஏதுமின்றிச் சுடர் தானாக அணையும். கண்ணாடியின் அடிப்பாகத்தைச் சுடர் நேராகச் சுடாமல் காப்பது இந்தச் சின்னக் கழுத்துதான்.

இத்தனையும் தகடு இருக்கிற இடத்திலேயே இருந்தால்தான் நடக்கும். ஊற்றும்போதே ஒட்டு விட்டுப்போனால் கவலையில்லை. திரி சாய்ந்து மிதப்பது கண்ணுக்குத் தெரியும், அந்த ஜாடியை ஒதுக்கிவிடலாம். ஆபத்தானது, பாதி விட்டும் விடாமலும் இருக்கும் ஒட்டு. சுற்றிலும் மெழுகு இறுகி நிற்கும்வரை தகடும் அசையாது. எனவே முதல் பத்து, இருபது மணி நேரம் மெழுகுவர்த்தி ஒழுங்காக எரியும், வாங்கியவர் ஐந்து நட்சத்திரம்கூடக் கொடுத்திருப்பார். கடைசி ஒரு அங்குலத்தில் மெழுகு அடிவரை உருகும்போதுதான் தகட்டைப் பிடித்திருந்த பிடி விடுகிறது. எண்ணெய் போன்ற மெழுகில் தகடு வழுக்கிப் போய், திரி ஜாடியின் சுவரில் சாய்ந்து நின்று எரியத் தொடங்குகிறது.

கண்ணாடி வெப்பத்தை வேகமாகக் கடத்தாத பொருள். சுடர் தொட்ட பக்கம் சூடேறி விரிய, எதிர்ப்பக்கம் அவ்வளவு சூடில்லாமல் நிற்கும். அந்த இழுபறியில் ஜாடி விரிசல் விடும், சில நேரம் பட்டென்று உடையும். உருகிய மெழுகு மேசை விரிப்பில் ஓடும், சுடர் அதைத் தொடர்ந்து போகும். பெரிய தொழிற்சாலைகளில் செய்ததென்றால் இது நடக்காது என்று நினைத்துவிட வேண்டாம். ஜாடி எரியும்போதே விரிசல் விடலாம், உடையலாம் என்ற காரணத்துக்காக அமெரிக்காவின் பெரிய சில்லறை நிறுவனம் ஒன்று 2023 மே மாதத்தில் சுமார் 49 லட்சம் கண்ணாடி ஜாடி மெழுகுவர்த்திகளைத் திரும்பப் பெற்றது. அங்கே மெழுகுவர்த்தியின் தீப் பாதுகாப்புக்கு ஒன்று, கண்ணாடி ஜாடிக்கு ஒன்று, எச்சரிக்கை லேபிளுக்கு ஒன்று என ஏஎஸ்டிஎம் தரநிலைகள் தனித்தனியாகவே இருக்கின்றன. அப்படியிருந்தும் இந்த நிலை.

சரி, எதைக் கொண்டு ஒட்டுவது?

நம் ஊரில் அதிகம் நடப்பது, உருகிய மெழுகையே ஒரு சொட்டு விட்டு அதன்மேல் தகட்டை அழுத்துவது. பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி நிறுத்தும் பழக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். இது ஒட்டே அல்ல. சூடான மெழுகை ஊற்றியதுமே அந்தச் சொட்டு மறுபடி உருகும். அடுத்தது க்ளூ கன். சுத்தமான கண்ணாடியில் க்ளூ கன் பசை நன்றாகவே பிடிக்கும், மெழுகை 55 முதல் 65 டிகிரிக்குள் ஊற்றினால் ஊற்றுகிற நேரத்தைத் தாங்கும். ஆனால் சாதாரண க்ளூ ஸ்டிக் சுமார் 80 டிகிரியில் இளகத் தொடங்கும். பாரஃபினை அந்த அளவு சூட்டில் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஜாடியின் அடியில் சுடர் நெருங்கும்போதும் சூடு அதைத் தாண்டலாம். எனவே க்ளூ கன்னை நம்பி விற்பனைக்குச் செய்வது என் பார்வையில் சரியல்ல.

பரவாயில்லை என்று சொல்லக்கூடியது, மெழுகுவர்த்திக்கென்றே வெப்பம் தாங்கும் விதத்தில் செய்த இருபுறம் ஒட்டும் விக் ஸ்டிக்கர். வட்டமாக, தகட்டின் அளவிலேயே கிடைக்கும். ஸ்டேஷனரி கடையில் வாங்கும் இருபக்க டேப்பை வெட்டி ஒட்டுவது இதற்கு ஈடாகாது. இதைவிட உறுதி வேண்டுமென்றால் அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான் சீலன்ட் இருக்கிறது. ஒரு பட்டாணி அளவு போதும். ஆனால் அது இறுக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அவற்றில் பல வகைகளுக்கு வினிகர் வாடை அடிக்கும், அது முழுக்கப் போகும்வரை மெழுகு ஊற்றக் கூடாது. அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

உடனே ஒட்டும் சூப்பர் க்ளூ வகைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் இருப்பது சயனோஅக்ரிலேட். பருத்தியில் பட்டால் அது மிக வேகமாக இறுகி, கையைச் சுடும் அளவுக்குச் சூட்டைக் கிளப்பும். கண்ணை எரிக்கும் புகையும் வரும். திரியோ பருத்தி. தகட்டை ஒட்டுகிறேன் என்று திரியின் அடியில் இரண்டு சொட்டு விட்டவர் விரல் பொத்துப்போனால் ஆச்சரியமில்லை. இந்தப் பசையை மெழுகுவர்த்தி வேலையின் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

எந்த ஒட்டாக இருந்தாலும் கண்ணாடி சுத்தமாக இல்லாவிட்டால் பயனில்லை. புதிய ஜாடியின் அடியில் தூசியும் கைப்பிசுக்கும் இருக்கும். பழைய ஊறுகாய் பாட்டிலென்றால் கேட்கவே வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்ப் படலம் மிஞ்சும். சோப்பில் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பின், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அடிப்பாகத்தைத் துடைத்து, அதுவும் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். ஸ்டிக்கரை முதலில் தகட்டில் ஒட்டி, பழைய பேனாவின் வெற்றுக் குழாயைத் திரியில் கோர்த்து, அதைக் கொண்டே ஜாடிக்குள் இறக்கிக் கழுத்தைச் சுற்றி அழுத்தினால் தகடு நடுவில் சமமாக உட்காரும். சில ஜாடிகளின் அடிப்பாகம் உள்பக்கம் மேடாக இருக்கும். விரலை விட்டுத் தடவினால் தெரியும். அதில் தட்டையான தகடு ஒரு விளிம்பில் மட்டுமே தொடும். அப்படிப்பட்ட ஜாடியை வாங்காமலிருப்பதே நல்லது.

மேலே திரியை நடுவில் நிறுத்த ஐஸ்கிரீம் குச்சியில் துளையிட்டு மாட்டலாம், துணி கிளிப்பும் போதும். விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். கஷ்டப்பட்டு ஒட்டியதை அந்த இழுப்பே பெயர்த்துவிடும்.

பூஜை விளக்குக்கான முறுக்குத் திரியை ஜாடிக்குள் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது எண்ணெய்க்கானது. பின்னிய மெழுகுவர்த்தித் திரி எரியும்போது நுனி வளைந்து தன்னைத் தானே எரித்துக் குறைத்துக்கொள்ளும். முறுக்குத் திரிக்கு அந்தக் குணம் கிடையாது, கரியும் பெருஞ்சுடருமாக எரியும். திரிக்குள் விறைப்புக்காக உலோகக் கம்பி வைத்திருந்தால் அது என்ன உலோகம் என்று கேளுங்கள். ஈயக் கம்பி வைத்த திரிகளை அமெரிக்கா 2003-லேயே தடை செய்துவிட்டது, எரியும்போது காற்றில் ஈயம் கலக்கிறது என்பதால்.

விற்பவர்கள் தட்டிக்கழிக்கக் கூடாத ஒரு வேலை, எரித்துப் பார்ப்பது. ஒவ்வொரு ஜாடி அளவுக்கும், ஒவ்வொரு திரி எண்ணுக்கும், ஒவ்வொரு மெழுகுக்கும் ஒன்றையாவது எடுத்து, நாலு மணி நேரம் எரித்து, அணைத்து, ஆறவிட்டு, மறுபடி ஏற்றி, முடிவுவரை பார்க்க வேண்டும். பலர் முதல் தடவை அழகாக எரிவதைப் படமெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒட்டின் யோக்கியதை தெரிவது கடைசித் தடவையில்தான். தகடு நகர்ந்திருக்கிறதா, சுடர் எங்கே அணைந்தது, ஜாடியின் அடி எவ்வளவு சுட்டது என்பதை நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் சொல்லப்போகும் சட்டத்துக்கு முன்னால் அந்த நோட்டு உங்களுக்கே துணையாகும்.

வாங்கி ஏற்றுபவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு முறையும் திரியை ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்குங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்க வேண்டாம். அடியில் அரை அங்குலம் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று கடைசிச் சொட்டுவரை எரிக்க மனம் சொல்லும், ஆபத்து அந்த அரை அங்குலத்தில்தான். தீக்குச்சித் துண்டும் காய்ந்த இதழும் மெழுகில் விழுந்தால் அவையும் திரியாகிவிடும். கொட்டாங்குச்சியில் ஊற்றிய மெழுகுவர்த்தி பார்க்க அழகுதான். ஆனால் கொட்டாங்குச்சி எரியும் பொருள் என்பதை அடுப்பெரித்த எந்தப் பாட்டியும் சொல்வார்.

ஜாடிக்குள் தீ பெரிதாகிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் மெழுகுக்கு அடியில் போகும் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை மேல்நோக்கி வீசியடிக்கும். கைக்கு ஆபத்தில்லாத நிலையில் உலோக மூடியோ தட்டோ போட்டு மூடி, காற்று புகாமல் தடுங்கள். கட்டுக்கு அடங்காவிட்டால் வெளியேறி 101 அல்லது 112-க்கு அழையுங்கள். சூடான மெழுகு தோலில் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஒட்டிக்கொண்ட மெழுகைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். இட்லி மாவு, இங்க், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம்.

இனி உரிமை. மெழுகுவர்த்தி 2015 ஏப்ரல் வரை சிறுதொழிலுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பொருள். குடிசைத் தொழிலாக அது வளர்ந்ததில் தவறில்லை. ஆனால் 'வீட்டில் செய்தது' என்பது சட்டத்தின் முன் விலக்கு அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி ஒரு பொருளைச் செய்கிறவர் அனைவரும் உற்பத்தியாளரே. அதன் 84-வது பிரிவு, செய்முறைக் குறைபாடு, வடிவமைப்புக் குறைபாடு ஆகியவற்றோடு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. தீங்கு நேராமல் பயன்படுத்தும் முறையைச் சொல்லாமலும், தவறாகப் பயன்படுத்துவது பற்றி எச்சரிக்காமலும் விற்றால், அதற்காகவே இழப்பீடு கேட்கலாம். அரை அங்குலத்தில் நிறுத்துங்கள் என்ற ஒரு வரியை ஜாடியில் அச்சிடாதவர் யோசிக்க வேண்டிய இடம் இது. 'நூறு சதவீதம் பாதுகாப்பானது' என்று விளம்பரப்படுத்துகிறவர் இன்னும் யோசிக்க வேண்டும். வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதம் பொய்த்தால், நான் அஜாக்கிரதையாக இல்லை என்று நிரூபித்தாலும் பொறுப்பு நீங்காது.

வாங்கியவர் பொருளை முறைதவறிப் பயன்படுத்தியிருந்தாலோ, மாற்றியமைத்திருந்தாலோ விற்றவருக்குத் தற்காப்பு உண்டு. எச்சரிக்கையைப் படித்தும் திரையின் கீழே ஏற்றி வைத்தவர் வழக்கில் ஜெயிப்பது கடினம்.

பொட்டலமிட்டு விற்கும் பொருளில் செய்தவரின் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011-ன் பொட்டலப் பொருள் விதி. வெறும் இன்ஸ்டாகிராம் பெயர் மட்டும் அச்சிட்ட ஜாடிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பிறகு தேடி அலைய வேண்டியிருக்கும். செய்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்ற கடைக்காரரும் பொறுப்பாளி ஆகலாம் என்று 86-வது பிரிவு சொல்கிறது.

அன்பளிப்பாக வந்த மெழுகுவர்த்தியால் கை சுட்டுக்கொண்டவருக்கும் உரிமை உண்டு. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே. விபத்து நடந்ததும் பெரும்பாலோர் செய்வது, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக் குப்பையில் போடுவது. அங்கேதான் வழக்கு தொலைகிறது. ஜாடியின் அடித்துண்டு, தகடு, அதில் ஒட்டியிருக்கும் பசை ஆகிய மூன்றும்தான் சாட்சி. ஆறியபின் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். இடத்தைப் படமெடுங்கள். பணம் செலுத்திய யுபிஐ ரசீது, உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட், மருத்துவச் சீட்டு, தீயணைப்புத் துறை வந்திருந்தால் அவர்களின் அறிக்கை எல்லாம் சேர்த்து வைத்து, விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பலர் அங்கேயே சமரசத்துக்கு வந்துவிடுவார்கள்.

வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. நானூறு ரூபாய் மெழுகுவர்த்திக்கும் இது பொருந்தும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாகிவிட வேண்டும்.