ஸ்டாம்புக் காகிதமும் ஏழையின் கையெழுத்தும்

ஸர்க்கார் முத்திரை விழுந்த காகிதத்தில் எழுதிவிட்டால் எழுதியதெல்லாம் மெய்யாகிவிடும் என்பது நமது கிராமங்களில் வேரூன்றிப்போன நம்பிக்கை. இந்த நம்பிக்கையையே மூலதனமாகக் கொண்டு பிழைப்பவர் பலர். ஆகையால் ஸ்டாம்பு என்பது என்ன, அது எதற்காக ஏற்பட்டது, அதைக் கண்டு அஞ்சவேண்டியவர் யார் என்பதை நமது நேயர்கள் அறிந்து, அறியாதவர்க்கு எடுத்துச் சொல்லவேண்டுமென்று விரும்புகிறோம்.

நமது முன்னோர்கள் ஸ்டாம்பு அறியாதவர்கள், ஆவணம் அறியாதவர்களல்லர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றையும் கொண்டே அவர்கள் வழக்குத் தீர்த்தார்கள். பெரிய புராணத்தில் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் நடந்த வழக்கை அறியாத தமிழர் இரார். சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை. மூலவோலை சபைக்கு வந்தது. சபையார் பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு சொன்னார்கள். எழுதியவர் கையும், கண்ட சாட்சியும், சபையின் விசாரணையுமே அங்கே ஆவணத்துக்கு உயிர் கொடுத்தன.

பத்திரத்தில் முத்திரை புகுந்தது உண்மையை நிலைநாட்டவன்று, பணம் திரட்ட. ஸ்பெயினோடு யுத்தம் நடத்திக்கொண்டிருந்த ஹாலந்து, பொக்கிஷம் வறண்டபோது 1624-ஆம் வருஷத்தில் இந்த வரியைக் கண்டுபிடித்தது. பகைவனின் தந்திரம் நல்ல தந்திரமென்று கண்டு, ஸ்பெயினே 1636-இல் அதைக் கைக்கொண்டது. பிரான்ஸோடு நடத்திய யுத்தச் செலவுக்காக இங்கிலாந்து 1694-இல் இதை விதித்தது. 1765-இல் அதே இங்கிலாந்து அமெரிக்கக் குடியேற்றங்களின் தஸ்தாவேஜுகள் மீதும் பத்திரிகைகள் மீதும் ஸ்டாம்பு வரியைச் சுமத்தியது. தங்கள் பிரதிநிதிகள் இல்லாத சபை தங்களுக்கு வரி விதிப்பதா என்று அந்த ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். மறு வருஷமே சட்டம் ரத்தாயிற்று; மூண்ட கோபம் மட்டும் தணியவில்லை.

நமது நாட்டிலோ கேட்பாரில்லை. வங்காளத்தில் கும்பெனியார் போலீஸ் வரி ஒன்றை எடுத்துவிட்டு, அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய 1797-இல் ஸ்டாம்பு வரியைக் கொண்டுவந்தார்கள். சென்னை ராஜதானியில் 1816-ஆம் வருஷத்து 13-ஆவது ரெகுலேஷன் இதற்கு விதிகள் வகுத்தது. 1870-இல் கோர்ட்டுக் கட்டணச் சட்டம் வந்தது. 1899-ஆம் வருஷத்து இந்திய ஸ்டாம்புச் சட்டமே பல திருத்தங்களுடன் இன்றும் அமலில் இருக்கிறது. வழக்காடுவோருக்குச் செலவு வைத்தால் வீண் வழக்குகள் குறையுமென்று அக்காலத்து அதிகாரிகள் நியாயம் பேசினார்கள். 1835-இல் மெக்காலேயே இந்த வாதத்தைப் பரிகசித்தார். கட்டணம் துரத்துவது பணமில்லாதவனையேயன்றிப் பொய்யனையன்று என்பது அவர் கருத்து. நமது கல்வியைப்பற்றி அவர் கொண்ட அபிப்பிராயத்தை நாம் ஒருநாளும் ஏற்கோம். ஆயினும் இந்த விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

இனி, சட்டம் சொல்வதைப் பார்ப்போம். தக்க ஸ்டாம்பு இல்லாத பத்திரத்தைக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்காது. குறைந்த தொகையையும் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டினால் பெரும்பாலானவற்றை ஏற்கும். பிராமிஸரி நோட்டுக்கு இந்தச் சலுகையும் இல்லை. ஸ்டாம்பின் வேலை இவ்வளவே. ஸ்டாம்பு ஒட்டியதால் கள்ளக் கையெழுத்து நல்ல கையெழுத்தாகிவிடாது. வாங்காத கடன் வாங்கியதாகிவிடாது. ஸ்டாம்புக் காகிதம் ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும் என்று பலர் நம்புவதும் பிசகு. அந்தக் கெடு, உபயோகிக்காத காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கே உரியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2008-இல் இதைத் தெளிவாக்கியிருக்கிறது.

கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி வட்டாரத்துக்கு வருவோம். செம்மணல் தேரியில் பனையேறிப் பிழைப்பவனுக்குப் பதநீர் இறங்குவது வருஷத்தில் சில மாதங்களே. மற்ற மாதங்களில் அடுப்பெரிய வேண்டுமானால் முன்பணமோ கடனோ வாங்கித்தான் தீரவேண்டும். மரத்தை ஒற்றி வைத்தாலும், கடன் பத்திரம் எழுதினாலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில் ஸ்டாம்புச் செலவு எழுதிக்கொடுப்பவன் தலையிலேயே விழுகிறது. ஒரு காலத்தில் பனையோலையே நமக்கு ஆவணமாயிருந்தது. அந்தப் பனையை நம்பி வாழ்பவன் இன்று காகிதத்தைக் கண்டு நடுங்குகிறான்.

அவன் நடுங்குவதற்குக் காரணம் உண்டு. கொடும் வட்டிக்காரன் ஸ்டாம்பை ஒருபோதும் மறப்பதில்லை; தொகையை எழுதத்தான் மறந்துவிடுகிறான்! ஸ்டாம்பு ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதைப் பூர்த்தி செய்துகொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகவே 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு முதல் நோக்கில் கொள்ளுகிறது. ஒட்டிய ஸ்டாம்பு தாங்கும் தொகைக்கு மேல் எழுதக்கூடாதென்று அதில் ஒரு வரம்பு உண்டு. ஆனால் கேட்டவுடன் செலுத்தவேண்டிய நோட்டுகளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் எத்தொகையானாலும் வரி ஒன்றுதான். இரண்டாயிரம் வாங்கியவன் ஒட்டிய ஸ்டாம்பு இரண்டு லட்சத்தையும் தாங்கும். வேலி இருக்கிறது, படல் திறந்தே கிடக்கிறது.

கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் செய்யப்பட்டது. அதற்குப் பின்னும் 2017 அக்டோபரில் திருநெல்வேலிக் கலெக்டர் கச்சேரி வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையை முறையிட்டு வந்த ஒரு கூலிக் குடும்பம், குழந்தைகள் உட்படத் தீக்கிரையாயிற்று. அந்த நெருப்பை நம்மவர் மறந்துவிடலாகாது.

1920-இல் காங்கிரஸ் அந்நியர் கோர்ட்டுகளை விலக்கிப் பஞ்சாயத்தை நாடும்படி ஜனங்களை அழைத்தபோது, ராஜாஜி போன்றவர்கள் நல்ல வருமானமுள்ள வக்கீல் தொழிலைத் துறந்து வெளியேறினார்கள். இன்று கோர்ட்டுகள் நம்முடையவை, சட்டசபையும் நம்முடையது. ஆகையால் பொறுப்பும் நம்முடையதே. பணவழக்குகளுக்கான கோர்ட்டுக் கட்டணத்தை 2017-இல் நூற்றுக்கு ஏழரையிலிருந்து மூன்றாகக் குறைத்தது தமிழ்நாடு ஸர்க்கார் செய்த நற்காரியம். அதே ஸர்க்கார் 2024 மே முதல் ஒப்பந்தப் பத்திரத்தின் ஸ்டாம்பை 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்த்தியது ஏழைக்குச் செய்த நன்மையன்று. செலவுக்கு அஞ்சி எழுத்தைக் கைவிடுபவன், வட்டிக்காரனின் வாய்ச்சொல்லுக்கு அடிமையாகிறான்.

நாம் கோருவது அதிகமன்று. சிறு கடன்களுக்கும் சிறு ஒற்றிகளுக்கும் ஸ்டாம்பு வரியை அடியோடு எடுத்துவிட வேண்டும். தொகை எழுதாத நோட்டில் பெற்ற கையெழுத்தைக்கொண்டு வழக்காடுவோன், தான் கொடுத்த பணத்தை முதலில் வேறு சாட்சியத்தால் ருஜுப்படுத்த வேண்டுமென்று சட்டத்தைத் திருத்த வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை நமது ஊழியர்கள் சும்மா இருக்கலாகாது. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, பக்கத்தில் இருவர் படித்துச் சொன்ன பிறகே கையெழுத்திட வேண்டும். கொடுத்த பணத்தை அன்றன்றே நோட்டின் பின்புறத்தில் வரவு வைக்கச் செய்ய வேண்டும். கடன் தீர்ந்த அன்றே நோட்டைத் திரும்பப் பெற வேண்டும். இவற்றைத் தேரிக்காட்டுக் குடிசை தோறும் சென்று சொல்ல வேண்டும். ஸ்டாம்பு ஸர்க்காருடையது; கையெழுத்து நம்முடையது. விற்கக்கூடாத இடத்தில் அதை விற்காதிருக்க ஏழைக்குக் கற்பிப்பதும் தேச சேவையேயாகும்.