வேலூர்க் கிராமங்கள் கற்பித்த குடல் மருத்துவம்

வாரக்கணக்கில் நீளும் வயிற்றுப்போக்கும், எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலமும், நாப்புண்ணும், மெலிவும், சோகையும் ஒருசேரத் தோன்றினால், சிறுகுடல் உணவின் சத்துகளை உறிஞ்ச இயலாமல் போயிருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் ஐயுறுவர். இவ்வகை நோய்களுள் ஒன்றான வெப்பமண்டல ஸ்ப்ரூ இன்று அரிதாகிவிட்டது. ஆனால் 1960களின் தொடக்கத்தில் அது அன்றைய வடஆற்காடு மாவட்டக் கிராமங்களில் கொள்ளைநோயாகப் பரவி ஏராளமான உயிர்களைப் பறித்தது. அதையடுத்த தென்னாற்காட்டில் அப்போது அடங்கியிருந்த திருக்கோவிலூர் வட்டமும் சோறுண்ணும் வெப்பநிலப் பகுதியே என்பதால், வடஆற்காட்டில் நடந்த ஆய்வு திருக்கோவிலூர் மக்களுக்கும் நேரடியாகப் பொருந்துகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வெல்கம் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த செல்வின் பேக்கரும் வி. ஐ. மத்தானும் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளோடு நின்றுவிடாமல் கிராமங்களுக்கே சென்று நோயின் போக்கைத் தொடர்ந்து, தம் முடிவுகளை 1968இல் வெளியிட்டனர். வழக்கமான வயிற்றுப்போக்குக் கொள்ளைநோய்கள் குழந்தைகளையே முதலில் தாக்க, இந்நோய் பெரியவர்களை அதிகம் வாட்டியது. அதற்குக் காரணமான கிருமி இதுதான் என்று இன்றுவரை உறுதியாகவில்லை.

அக்காலத்தில் குடலைச் சோதிக்கும் முறை நோயாளியிடமும் மருத்துவரிடமும் பொறுமையைக் கோரியது. 1957இல் அமெரிக்காவில் உருவான கிராஸ்பி குப்பி என்னும் சிறு உலோகக் கருவியை, மெல்லிய குழாயின் முனையில் பொருத்தி நோயாளியை விழுங்கச் செய்வர். அது சிறுகுடலை அடையும்வரை காத்திருந்து, ஊடுகதிர்ப் படத்தில் இடத்தை உறுதிசெய்த பின், குழாயின் மறுமுனையில் சிரிஞ்சால் காற்றை உறிஞ்சியதும், குடலின் உட்தோல் குப்பியின் துளைக்குள் இழுபட, உள்ளிருக்கும் கத்தி கடுகளவுத் திசுவை நறுக்கிக்கொள்ளும். அதை நுண்ணோக்கியில் வைத்தால், சத்தை உறிஞ்சும் நுண்ணிய முளைகளான குடலுறிஞ்சிகள் தெரியும்.

நோயற்றவர்களின் குடலையும் அவ்வாறே சோதித்ததே அந்த ஆய்வின் பெருங்கொடை எனலாம். குளிர்நாட்டினரிடம் விரல்போல் நீண்டிருக்கும் உறிஞ்சிகள், எந்தத் தொல்லையுமின்றி வயல்வேலை செய்துவந்த தென்னிந்தியர் பலரிடம் குட்டையாகவும் அகன்றும் காணப்பட்டன. மேலைநாட்டுப் பாடநூலின் அளவுகோலை அப்படியே ஏற்றிருந்தால், நலமாயிருந்தவர்களும் நோயாளிகளாகக் கணக்கிடப்பட்டிருப்பர்.

உறிஞ்சிகள் தேய்ந்து தெரிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்துக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் கிளர்ந்து குடலுறிஞ்சிகளைத் தேய்ப்பது சீலியாக் நோய். இந்தியாவில் வட, வடகிழக்கு, தென் பகுதிகளைச் சேர்ந்த 23,331 பெரியவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, இந்நோயைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடமும், வேலூரை மையமாகக் கொண்ட தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் இருப்பதைக் கண்டது. நோய்க்கு இடந்தரும் மரபணுக்கள் இரு பகுதியினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. ஆனால் நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம் மட்டுமே. திருக்கோவிலூரிலும் கல்வராயன் மலையிலும் சோறும் சிறுதானியமும் உண்டு வளர்ந்தவர்களின் குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்தால், சீலியாக் என்று உடனே முடிவுகட்டாமல், குருதிச் சோதனையோடு ஸ்ப்ரூ, காசநோய், ஒட்டுண்ணி ஆகியவற்றையும் ஆராய்வதே முறை. தவறாக முடிவுகட்டினால், ஒருவர் வாழ்நாள் முழுதும் கோதுமையை ஒதுக்கியும் உண்மையான நோய் தீராமல் மெலிந்துகொண்டே போவார்.

உள்நோக்கிக் கருவி சில நிமிடங்களில் திசுவை எடுத்துத் தரும் இக்காலத்தில், திருக்கோவிலூரிலிருந்து விழுப்புரம்–காட்பாடித் தடத்தில் ரயிலேறி வேலூருக்குச் செல்லும் ஏழை நோயாளிக்கு, அந்தச் சோதனை அருகிலுள்ள கள்ளக்குறிச்சியிலேயே 2022இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியில் தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஏனெனில் ஸ்ப்ரூவுக்கான மருந்து எளியது: ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் சில வாரங்களில் சோகையைத் தணித்துப் பசியை மீட்க, டெட்ராசைக்ளின் மாத்திரை குடலைத் தேற்றுகிறது. ஆனால் பசி திரும்பியதுமே மாத்திரையை நிறுத்திவிடாமல், மருத்துவர் குறித்த மாதங்கள் முழுதும் அதை உட்கொள்ள வேண்டும்.