பாஸ் கிடார் இரைச்சலுக்கு சவுண்ட் கார்டு காரணமா?

இளையராஜா பாடல்களில் சசிதரனின் பாஸ் கிடாரைக் கேட்டு, தாங்களும் ஒன்று வாங்கியவர்கள் பலர். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அதில் ரெக்கார்ட் செய்து பார்க்க ஆசை வரும். காலாப்பட்டு நண்பர் ஒருவரும் அப்படித்தான் செய்தார். வாசிப்பை விட ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. சவுண்ட் கார்டை மாற்றக் கிளம்பிவிட்டார். சற்றுப் பொறுங்கள் என்றேன்.

கிடாரின் தந்திகளுக்குக் கீழே இருப்பது பிக்கப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். தந்தி அதிர்ந்தால் இந்தக் காயிலில் மின்சாரம் உண்டாகும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைகளையும் அதே காயில் பிடித்துக்கொள்ளும். நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள், இரைச்சல் கூடிக் குறையும்.

சாஃப்ட்வேரில் நீக்கிவிடலாமே என்பீர்கள். அங்குதான் சிக்கல். பாஸின் தடித்த தந்தியில் மூன்றாவது கட்டத்தில் வரும் ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ்! 50-ஐ வெட்டினால் அதுவும் போய்விடும்.

சரிசெய்ய வேண்டியது கிடாரில்தான். ஃபெண்டர் நிறுவனம் 1960-ல் அறிமுகப்படுத்திய ஜாஸ் பாஸ் மாதிரியில் இரண்டு பிக்கப்கள், இரண்டு வால்யூம் குமிழ்கள். பொதுவாக ஒரு காயில் மற்றதற்கு எதிராகச் சுற்றப்பட்டு, காந்தமும் தலைகீழாக இருக்கும். இரண்டையும் சம அளவில் திறந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், இசை மட்டும் மிஞ்சும். நண்பர் ஒரு குமிழை முழுதாக மூடி வைத்திருந்தார். திறந்தார், அடங்கியது. செலவு பூஜ்யம்!

இந்தக் கிடாரில் பிக்கப்கள் பேரலல் முறையில் இணைந்திருக்கும். நடு ஸ்தாயி சற்றுக் குறைந்து ஒலி தெளிவாக வரும். ஒரு ஸ்விட்ச் பொருத்தி அவற்றையே சீரிஸாக மாற்றினால் சத்தம் கூடும், நடுப்பகுதி தடிக்கும், கூர்மை குறையும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் சால்டரிங் பழகாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. 1957-க்குப் பிந்தைய பிரிசிஷன் பாஸில் பிக்கப்பே இரண்டு துண்டாகச் சீரிஸில் இருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இன்னொன்று. பேட்டரி இல்லாத பாஸை மைக் ஜாக்கில் சொருகாதீர்கள். பிக்கப்பின் பலவீனமான சிக்னலை அது அமுக்கி, ஒலியை மழுங்கடித்துவிடும். இன்ஸ்ட்ருமென்ட் ஜாக் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். சீரிஸுக்கு மாற்றினால் அதன் கெயின் குமிழைக் குறைத்துவிட்டு, மீட்டர் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டு ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள்.