மீள்மேடையேற்றம்: பழைய எழுத்துரு, புதிய ஆற்றுகை



‘மீள்மேடையேற்றம் என்றால் என்ன?’ என்னும் வினாவுக்குப் பலர், ‘பழைய நாடகத்தைத் திரும்பவும் போடுதல்’ என ஒரே வரியில் விடை எழுதிவிடுகின்றனர். இவ்விடை பிழையன்று, ஆனால் போதியதன்று. எது மாறாதிருக்கிறது, எது மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பவற்றையும் விளக்கினாலே விடை முழுமை பெறும். நியூயோர்க் நகரின் புரோட்வே அரங்குகளில் மீண்டும் மேடையேறிய இரண்டு அமெரிக்க இசை நாடகங்களைக் கொண்டு இதனை நோக்குவோம்.

புரோட்வே அரங்குகள்

மன்ஹற்றன் பகுதியிலுள்ள 41 பெரிய தொழில்முறை அரங்குகளே புரோட்வே அரங்குகள் எனப்படுகின்றன. வசனம், பாடல், நடனம் ஆகிய மூன்றும் இணைந்து கதையை நகர்த்தும் இசை நாடகங்களுக்கு இவை பெயர்பெற்றவை. இங்கு வழங்கப்படும் ரொனி விருதுகளில், இசை நாடக மீள்மேடையேற்றத்துக்கென 1994 முதல் தனி விருது உண்டு.

1. சிக்காகோ (1975, 1996)

சிக்காகோ நகரில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பெண்களின் வழக்குகளை 1924இல் செய்தியாக எழுதியவர் மோரீன் டலஸ் வற்கின்ஸ். அந்த அனுபவத்தைக் கொண்டு அவர் எழுதிய நாடகம் 1926இல் மேடையேறியது. ஜோன் கண்டரின் இசை, பிரெட் எப்பின் பாடல்கள், பொப் ஃபொஸியின் நெறியாள்கை என்பவற்றுடன் 1975இல் அது இசை நாடகமாயிற்று. கொலை செய்தவள் பத்திரிகைகளால் நட்சத்திரமாவதே கதை. 936 ஆற்றுகைகளுடன் அது நிறைவுற்றது. ரொனி விருதுக்கு 11 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டும் ஒன்றேனும் கிடைக்கவில்லை.

1996இல் வோல்ரர் பொபியின் நெறியாள்கையில் அது மீண்டும் மேடையேறியது. பெரிய காட்சி விதானிப்பு இல்லை. கறுப்பு வேட உடைகள். இசைக்குழு மேடையிலேயே அமர்ந்திருந்தது. 6 ரொனி விருதுகள் கிடைத்தன. 2021இல் இத்தயாரிப்பு 25 ஆண்டுகளைக் கடந்தது.

வரவேற்பு ஏன் மாறியது? முன்னாள் விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கு 1995இல் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. அதனை நாள்தோறும் பார்த்த மக்களுக்கு, வழக்கே களியாட்டமாகும் கதை தம் காலத்துக் கதையாகவே தோன்றியது. நாடகம் மாறுவதற்கு முன்பே பார்வையோர் மாறியிருந்தனர்.

2. ஒக்லஹோமா (1943, 2019)

றொட்ஜர்ஸ், ஹமர்ஸ்ரைன் இருவரும் இணைந்து படைத்த முதலாவது இசை நாடகம் இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943இல் தொடங்கி 2,212 தடவை ஆற்றுகை செய்யப்பட்டது. கேர்லி என்னும் இளைஞனுக்கும் ஜட் என்னும் கூலியாளுக்கும் இடையிலான மோதலில் ஜட் இறக்கிறான். ஊரார் அவசர விசாரணை ஒன்றை நடத்திக் கேர்லியை விடுவிக்கின்றனர். முதல் தயாரிப்பில் ஜட் தன் கத்தியின் மீதே விழுந்து இறந்தான். ஆகவே அம்முடிவு மகிழ்ச்சியானதாகவே தோன்றியது.

2019இல் டானியல் ஃபிஷ் நெறிப்படுத்திய தயாரிப்பில் வசனமும் பாடல்களும் பெரிதும் மாறவில்லை. ஆயினும் ஆற்றுகையின் பெரும்பகுதியில் பார்வையோர் பகுதியின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. இடைவேளையில் அவர்களுக்கு உணவும் பரிமாறப்பட்டது. இறுதியில் கேர்லி துப்பாக்கியால் ஜட்டைச் சுடுகிறான். அதே விசாரணை இப்போது அநீதியாகத் தெரிகிறது. வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும் பார்வையோரும் அவ்வூராருள் ஒருவராகின்றனர். ‘நம்மவன் என்பதற்காக நீதியை விட்டுவிடலாமா?’ என்னும் வினா அவர்களையும் தொடுகிறது. இத்தயாரிப்பு அவ்வாண்டின் மீள்மேடையேற்ற விருதைப் பெற்றது.

மீள்மேடையேற்றம் பற்றிய கருத்துகள்

• சாதகம்: சிறந்த எழுத்துருக்கள் அடுத்த தலைமுறையைச் சென்றடைகின்றன. அறிமுகமான பெயர் என்பதால் தயாரிப்பாளரின் நட்ட அச்சமும் குறைகிறது.
• பாதகம்: பழையனவே அரங்குகளை நிரப்பினால், புதிய எழுத்தாளருக்கு இடம் சுருங்குகிறது.

நினைவிற் கொள்க

எழுத்துரு பெரும்பாலும் நிலைத்திருக்கும். நெறியாள்கை, காட்சி விதானிப்பு, ஒளியமைப்பு, நடிப்பு என்பன மாறும். பார்வையோரின் காலமும் மாறும். எனவே மீள்மேடையேற்றம் வெறும் பிரதியன்று. பழைய எழுத்துருவிடம் புதிய காலம் கேட்கும் கேள்வியாகும்.

பயிற்சி வினா

நீங்கள் பார்த்த அல்லது வாசித்த நாடகம் ஒன்றை இன்று மீள்மேடையேற்றுவதாயின், எதனை மாற்றுவீர்கள், எதனை மாற்றாது விடுவீர்கள்? காரணம் தந்து விளக்குக.