மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியின் வரவு செலவு

ஹீரோ ஸ்ப்ளெண்டர் பைக்கின் சிலிண்டர் கொள்ளளவு 97.2 சிசி. அது முழுதாக ஒருமுறை இழுக்கும் காற்று சுமார் 0.117 கிராம். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கணக்கில், ஒரு வெடிப்புக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் போதும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. 4,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 2,000. இருபதில் ஒன்று தவறினால் (அதுதான் மிஸ்ஸிங்), நிமிடத்துக்கு 100 தடவை பெட்ரோல் எரியாமலே சைலன்சருக்குள் போகிறது.

இதைக் காசாக்கிப் பார்ப்போம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டம், லிட்டருக்கு 60 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் செலவு 1,667 ரூபாய். மிஸ்ஸிங்கால் மைலேஜ் 57-க்கு இறங்கினால் 1,754. மாதாமாதம் 87 ரூபாய் வீண். ஒரு புது ஸ்பார்க் பிளக்கே ஏறத்தாழ அந்த விலைதான். பிஎஸ்6 வண்டிக்கு ஆபத்து இன்னும் பெரிது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அதை மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும்.

அதனால் செலவில்லாத சோதனையில்தான் தொடங்க வேண்டும். பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் காற்று அதிகம்; கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கலாம். பிளக் இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்கு 0.6 முதல் 0.9 மி.மீ.க்குள் வரும்; சரியான அளவு வண்டியோடு தந்த கையேட்டில் உண்டு.

பலர் ஏமாறுவது ஸ்பார்க் சோதனையில். வெளியே எடுத்த பிளக்கில் நீலப்பொறி பறந்தால் இக்னிஷன் காயில் நல்லது என்று முடிவுகட்டுகிறார்கள். திறந்த காற்றில் 0.8 மி.மீ. தாண்டுவது எளிது, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிய பிறகு அதே இடைவெளியைத் தாண்ட பல மடங்கு வோல்ட் வேண்டும். வெளியே குறைந்தது 6 மி.மீ. தாண்டினால்தான் நம்பலாம். அப்போதும் பிளக் துளையிலிருந்து தள்ளியே சோதியுங்கள்; அங்கே பெட்ரோல் ஆவி வரும். குளிரில் நன்றாக ஓடி, சூடேறிய பின் மட்டும் மிஸ் ஆனால் இக்னிஷன் காயிலையும் பல்சர் காயிலையும் சந்தேகிக்கலாம்.

மழைக்குப் பின் தொடங்கிய மிஸ்ஸிங் என்றால், இருட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து பிளக் கேப்பை உற்றுப் பாருங்கள். கசியும் மின்சாரம் நீலமாகத் தெரியும். கேப் 100 ரூபாய்க்குள் முடியும் வேலை. கார்புரேட்டர் உள்ள வண்டியில் அதன் கிண்ணத்தைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பெட்ரோலைப் பிடித்தால், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியே நிற்கும். ஐடிலில் மட்டும் திக்கினால் கார்புரேட்டரின் பைலட் ஜெட் அடைப்பு, அல்லது வால்வின் டேப்பட் இடைவெளி. இந்தச் சோதனைகள் எதற்கும் புது உதிரிபாகம் தேவையில்லை.

இக்னிஷன் காயில், சிடிஐ (பொறியைத் தூண்டும் மின்னணுப் பெட்டி) இரண்டையும் மாற்றினால் பில் நூறுகளைத் தாண்டி ஆயிரத்தைத் தொடும். மெக்கானிக் அவற்றின் பெயரைச் சொன்னால், முதலில் கழற்றிய பிளக்கைக் காட்டச் சொல்லுங்கள்.