சுடர் சொல்லும் சேதி

அடுப்பில் ரசம் பொங்கி வழியும்போது, கேஸின் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாக மாறுவதைக் கவனித்திருக்கிறீர்களா, நேயர்களே? ரசத்தில் போட்ட உப்பிலிருக்கும் சோடியம் செய்கிற வேலை அது! நன்றாகச் சூடேறி ஆவியானால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் ஒளி வீசும்.

1860-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரம். புன்சன், கிர்க்காஃப் என்ற இரண்டு விஞ்ஞானிகள், ஊற்று நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பைச் சுடரில் காட்டி, அந்த வெளிச்சத்தை முப்பட்டகக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். அதுவரை யாரும் பார்த்திராத நீலக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. அப்படிக் கிடைத்த புதிய தனிமம்தான் சீசியம். இன்றைக்கு ஒரு நொடி என்பது எவ்வளவு நேரம் என்று உலகத்துக்கே வரையறுத்துச் சொல்வது, அந்தச் சீசியம் அணுதான்!