ஒரு குழந்தை கூடினால் ஓர் ஆசிரியர்



கோடை விடுமுறை வந்தால் நமது டிரஸ்டுக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்புக் கட்டணத்துக்கானவை. நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டிவிட்டு, இரண்டாம் தவணைக்கு நம்மிடம் வருகிறார்கள். “பக்கத்து மாநகராட்சிப் பள்ளியைப் பார்த்தீர்களா?” என்று கேட்டால், “அங்கே பிள்ளைகளே இல்லையாமே, டீச்சரும் இரண்டு பேர்தானாம்” என்பதே பதில்.

பிள்ளைகள் குறைவதும் ஆசிரியர் குறைவதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை 3 பேர்; 91 முதல் 120 வரை 4 பேர்; அதற்கு மேல் 200 வரை 5 பேர். 60 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை கூடினால் மூன்றாவது ஆசிரியருக்குப் பள்ளி தகுதி பெறுகிறது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்றைய எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன.

எண்ணிக்கை குறையத் தனியார் பள்ளி மோகம் மட்டும் காரணமல்ல. பிறப்பும் குறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஆகவே ஒவ்வொரு சேர்க்கைக்கும் மதிப்பு கூடியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மக்களில் முஸ்லிம்கள் 9.45 சதவீதம். ஒரு சிறிய பள்ளியில் நம் மஹல்லாவின் பத்துக் குடும்பங்கள் எடுக்கும் முடிவே பெரிய மாற்றம் தரும்.

மாநகராட்சிப் பள்ளியில் கட்டணம் இல்லை. பாடநூல், சீருடை, மதிய உணவு இலவசம். 1 முதல் 5ஆம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு. சத்துணவில் முட்டை உண்டு, இறைச்சி கிடையாது. ஹலால் பற்றிய தயக்கம் வேண்டாம். பள்ளி அருகில் இருந்தால் அஸருக்குப் பின் மக்தபுக்கும் நேரம் கிடைக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு உரிமையுண்டு. பெண் பிள்ளைகளுக்கு, கல்லூரி செல்லும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

சேர்க்கும்போது சாதிச் சான்றிதழில் உள்ளபடியே விவரம் பதியச் சொல்லுங்கள். லெப்பை, தக்காணி, ஷேக், சையத் உள்ளிட்ட ஏழு பிரிவினருக்கே 3.5 சதவீத இடஒதுக்கீடு பொருந்தும். “முஸ்லிம்” என்று மட்டும் எழுதினால் பின்னாளில் அலைய நேரிடும்.

எந்தப் பள்ளி என்பது பெற்றோரின் முடிவு. அதற்காக எந்த மனுவையும் டிரஸ்ட் தள்ளாது. ஆனால் எல்.கே.ஜி. கட்டணத்தில் மிச்சமாகும் ஜகாத் பணம், கல்லூரி வாசலில் நிற்கும் ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரும். முடிவெடுக்குமுன் ஒரு முறை அந்தப் பள்ளிக்குள் போய்ப் பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நானே உடன் வருகிறேன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்